லேவியராகமம் 13-ல் மூன்றாவது ஆண்டாக நிற்கிறேன்

ஓசூர்_இரவுப்பணி (இழையைத் தொடங்கியவர்)

சகோதர சகோதரிகளுக்கு ஸ்தோத்திரம். சொந்த ஊர் பென்னாகரம் பக்கம். ஆறு ஆண்டுகளாக ஓசூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை. காலை, மாலை, இரவு என்று வாரம் ஒரு ஷிப்ட் மாறும்.

டிசம்பர் 31 இரவு ஆராதனையில் வழக்கம்போல எழுந்து நின்று தீர்மானம் செய்தேன். ஒரே ஆண்டில் முழு வேதாகமம், தினமும் அதிகாலை ஐந்து மணிக்கு ஒரு மணி நேர ஜெபம், வெள்ளிதோறும் உபவாசம். மூன்றையும் ஒரே மூச்சில். வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அறைக்குத் திரும்பியபோது பாதி ஊழியக்காரன் ஆகிவிட்டதுபோல ஒரு மிதப்பு.

வேதாகமத்தில் 1,189 அதிகாரம். 365 நாளுக்கு வகுத்தால் நாளுக்கு மூன்றேகால். ஆதியாகமம் ஓடியது. யாத்திராகமத்தில் செங்கடல் தாண்டும்வரை ஓடியது. இஸ்ரவேலரின் வழிபாட்டுக் கூடாரமான ஆசரிப்புக் கூடாரத்தின் பலகைகளையும் கொக்கிகளையும் எண்ணத் தொடங்கிய இடத்தில் நொண்டியது. பிப்ரவரி நடுவில் மூன்றாம் புத்தகமான லேவியராகமம், 13-ஆம் அதிகாரம். தோலில் தடிப்பு, வெள்ளைப் படர், ஆசாரியன் ஏழு நாள் அடைத்து வைப்பது என்று 59 வசனங்கள். இரவுப் பணி முடிந்து வந்து அந்தப் பக்கத்தின் மீதே தூங்கிவிட்டேன். பக்க அடையாள நாடா இன்னும் அங்கேயே கிடக்கிறது. மே முடிய 490 அதிகாரம் முடிந்திருக்க வேண்டும். முடித்தது 102. கடன் 388.

அதிகாலை ஜெபம் காலை ஷிப்ட் வாரத்திலேயே கவிழ்ந்தது. ஐந்து மணிக்கு நான் கம்பெனி பஸ்ஸில் நின்றுகொண்டிருப்பேன். உபவாசம் மூன்று வெள்ளி. நான்காவது வெள்ளி கேன்டீனில் கோழிக் குழம்பு, அவ்வளவுதான்.

போன ஆண்டும் இதே லேவியராகமம், அதற்கு முந்தைய ஆண்டும் இதே. இப்போது வேதாகமத்தைப் பார்த்தாலே வட்டிக்காரரைத் தெருவில் பார்த்ததுபோல முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். இதை ஊரில் யாரிடமும் சொல்லவில்லை.

'ஜெபியுங்கள், ஆண்டவர் பார்த்துக்கொள்வார்' என்ற பதில் வேண்டாம். அதைச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். உங்கள் வாழ்க்கையில் உண்மையிலேயே நிலைத்த ஒரு சிறிய பழக்கம் எது? எவ்வளவு சிறியது? எப்படி நிலைத்தது? இதை மட்டும் சொல்லுங்கள்.

---

கேழ்வரகுக்களி

எங்கள் சபையில் லேவியராகமத்தைத் தாண்டியவர்களை முன்வரிசையில் உட்கார வைத்தால், ஐயரும் (எங்கள் போதகர்) இரண்டு பாட்டிமாரும் மட்டும் இருப்பார்கள். தைரியமாக இருங்கள் அண்ணா. நான் அடுத்த புத்தகமான எண்ணாகமம்வரை போனேன் என்று சொல்லிக்கொள்வேன். உண்மையில் நடுவில் பன்னிரண்டு அதிகாரத்தைத் தாவிவிட்டேன்.

---

வாத்தியார்_கிருஷ்ணகிரி

தம்பி, நான் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியன். கணக்கிலிருந்தே வருகிறேன்.

நீங்கள் எடுத்துக்கொண்டது தவறான கணக்கு என்று சொல்ல மாட்டேன். பகல் வேலைக்காரருக்கு வகுத்த கணக்கை வாரம் ஒரு ஷிப்ட் மாறுகிறவர் எடுத்துக்கொண்டார், அதுதான் கோளாறு. வேறொரு கணக்குப் பாருங்கள். புதிய ஏற்பாட்டில் 260 அதிகாரம். ஆண்டுக்கு 52 வாரம். வாரம் ஐந்து அதிகாரம் என்றால் மிச்சமில்லாமல் வகுபடுகிறது. வாரத்துக்கு இரண்டு நாள் சும்மா இருக்கலாம். ஷிப்ட் மாறும் நாளை அந்த இரண்டில் போட்டுவிடுங்கள். அன்றைக்குப் படிக்காமல் இருப்பது குற்றமாகாது. அது திட்டத்திலேயே இருக்கிறது.

ஆனால் இதுகூட உங்களுக்கு இப்போது வேண்டாம் என்பதுதான் என் கருத்து. என் கதையைச் சொல்கிறேன்.

வேலையில் இருந்த காலத்தில் தினமும் கிருஷ்ணகிரியிலிருந்து பர்கூர் பக்கம் போய் வருவேன். மாலையில் பள்ளிக்கு எதிரே புளியமரத்தடியில் நிற்க வேண்டும். பஸ் பத்து நிமிடத்திலும் வரும், நாற்பது நிமிடத்திலும் வரும். உடன் நிற்கும் ஆசிரியர்கள் பேசுவதெல்லாம் இடமாறுதல், சம்பளக் கமிஷன். எனக்கும் அது பிடித்த பேச்சுதான், மறுக்கவில்லை. ஒருநாள் பையில் இருந்த சிறிய புதிய ஏற்பாட்டை எடுத்தேன். பின்னால் சங்கீதங்கள் என்ற துதிப்பாடல்களும் சேர்த்து அச்சடித்த பதிப்பு. ஒரு பஸ்ஸுக்கு ஒரு சங்கீதம் என்று வைத்துக்கொண்டேன். பஸ் வந்துவிட்டால் பாதியில் மூடிவிடலாம், பாவமில்லை என்பதும் விதி.

தொடங்கியது 117-ஆம் சங்கீதத்தில். ஏன் தெரியுமா? மொத்தமே இரண்டு வசனம். வேதாகமத்திலேயே மிகச் சிறிய அதிகாரம் அதுதான். தோற்கவே முடியாத இடத்தில் தொடங்க வேண்டும் என்று ஒரு குறுக்குப் புத்தி. பிறகு முதலாம் சங்கீதத்துக்கு வந்து வரிசையாகப் போனேன். 119 வந்தபோது கொஞ்சம் பயந்தேன், 176 வசனங்கள். உற்றுப் பார்த்தால் எட்டெட்டு வசனமாக 22 பகுதிகள், எபிரெய எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு பகுதி. ஆக 22 பஸ். முடிந்தது.

புளியமரம் இன்று இல்லை, சாலை அகலப்படுத்தியபோது போய்விட்டது. நானும் பஸ்ஸுக்கு நிற்பதில்லை. ஆனால் ஐந்து மணி ஆனால் கை தானாகப் பையைத் துழாவுகிறது. என் அனுபவத்தில் பழக்கத்தைத் தனியாக நட்டால் காய்ந்துவிடுகிறது. ஏற்கெனவே வேரோடியிருக்கும் ஒன்றில் ஒட்டுக்கட்ட வேண்டும். நம் ஊரில் மாங்கன்று ஒட்டுக்கட்டாத வீடு உண்டா? உங்களுக்குத் தினமும் தவறாமல் நடப்பது எது? கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருப்பதா, டீயா? அதில் கட்டுங்கள்.

இன்னொன்று. நீங்கள் நின்றுபோன லேவியராகமம் 13 தொழுநோயைப் பற்றியது. அதே நோய் கொண்ட ஒருவன் 2 இராஜாக்கள் 5-ல் வருகிறான், சீரியப் படைத்தலைவன் நாகமான். யோர்தானில் ஏழு முறை முழுகு என்று எலிசா சொல்லி அனுப்பியதும் அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. எங்கள் தமஸ்குவின் ஆறுகள் இதைவிட மேலானவை அல்லவா என்று திரும்பிப் போனான். அப்போது வேலைக்காரர்கள் கேட்டார்களே, அதுதான் உங்களுக்கான கேள்வி. பெரிய காரியம் ஒன்றைச் செய்யச் சொல்லியிருந்தால் செய்திருப்பீர் அல்லவா, இந்தச் சிறியதைச் செய்வதற்கு என்ன? நமக்குப் பெரியது எளிது தம்பி. சிறியதில்தான் கௌரவம் இடிக்கிறது.

---

வைராக்கியம்

கசப்பாகப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கு 67 வயது, ஓசூரில் இருக்கிறேன்.

இரண்டு வசனம், ஒரு பஸ், பாதியில் மூடலாம். கேட்க இனிமையாக இருக்கிறது. செல்போனில் இரண்டு மணி நேரம் போகிறதே, அதற்கு யாராவது 'சிறு அடி' வைத்துத் தொடங்கினீர்களா? முழு இருதயத்தோடும் முழு ஆத்துமாவோடும் முழுப் பலத்தோடும் அன்புகூரச் சொன்னவருக்கு மிச்சம் மீதி ஐந்து நிமிடமா? தானியேல் நாளுக்கு மூன்று வேளை முழங்காற்படியிட்டான். ஜெபித்தால் சிங்கக் குகை என்று சட்டம் வந்த பிறகும் அதே பலகணி, அதே மூன்று வேளை. 'இன்றைக்கு ஷிப்ட் மாறுகிறது' என்று அவன் சொல்லவில்லை.

என் தாயார் ராயக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஞாயிறுதோறும் விடியுமுன் நடந்தே ஆலயத்துக்குப் போனவர். இடுப்பில் நான். சிறியதாகத் தொடங்கியவர்கள் சிறியதிலேயே கிழவர்களாகிப் போனதை நிறையப் பார்த்துவிட்டேன். இருபது வயதில் ஐந்து நிமிடம், அறுபதிலும் அதே ஐந்து நிமிடம். அதற்கு வளர்ச்சி என்று பெயர் வைக்காதீர்கள்.

---

கேழ்வரகுக்களி

ஐயா, தானியேலுக்கு அரண்மனை உத்தியோகம். சிப்காட்டில் ஆறு மணி சைரனுக்கு உள்ளே போயிருப்பாரா என்று கேட்க ஆசை. கேட்கவில்லை.

---

மட்டுறுத்துநர்

கேட்டுவிட்டீர்கள். வசனத்தால் வசனத்தை அடிக்கும் போட்டி வேண்டாம். தொடங்கியவர் கேட்டது அனுபவம்.

---

மல்பெரித்_தோட்டம்

வைராக்கியம் ஐயாவின் பதிவை இரண்டு முறை படித்தேன். கோபம் வரவில்லை, என் அப்பா பேசுவதுபோல இருந்தது. எனக்கு வசனம் அதிகம் தெரியாது. பட்டுப்புழு தெரியும். பாலக்கோடு வட்டத்தில் ஒன்றரை ஏக்கர் மல்பெரி, ஒரு புழு வளர்ப்பு மனை. கூடு தருமபுரி அங்காடிக்குப் போகும்.

முட்டையிலிருந்து வந்த புழு ஓர் எறும்பு அளவுகூட இருக்காது. கறுப்பாக, மயிரோடு. அதற்கு முற்றிய இலையைப் போட்டால் கடிக்க முடியாது, இலையின் மேலேயே பட்டினி கிடந்து சாகும். கொழுந்துக்குக் கீழே உள்ள இளந்தளிரைப் பறித்து, கத்தியால் பொடிப்பொடியாக நறுக்கித் தூவ வேண்டும். இந்தப் பருவத்தை நாங்களே செய்வதுகூட இல்லை. சாக்கி மையத்தில் இரண்டாம் தோலுரிப்புவரை வளர்த்துக் கொடுப்பதை வாங்கிவந்துவிடுவோம். அவ்வளவு நுட்பமான வேலை. அந்தப் புழுதான் இருபத்தைந்து நாள் சொச்சத்தில் பிறந்த எடையைப்போலப் பத்தாயிரம் மடங்கு ஆகிறது. ஐயா, சிறிய உணவு சிறிய புழுவுக்கு அவமானமில்லை.

ஆனால் நான் எழுத வந்தது இதற்கல்ல. தோலுரிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

புழு நான்கு முறை தோலுரிக்கும். ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரு நாள் தின்னாது, அசையாது. தலையை மட்டும் தூக்கிக்கொண்டு சும்மா இருக்கும். புதிதாக வளர்ப்பவர் முதல் முறை பார்த்தால் பதறிவிடுவார், நோய் வந்துவிட்டது என்று மேலும் இலையை அள்ளிப் போடுவார். கெடுப்பது அதுதான். அந்த நேரத்தில் இலை போடக் கூடாது. சுண்ணாம்புத் தூளைத் தூவிப் படுக்கையைக் காய வைக்க வேண்டும், காற்று போக விட வேண்டும், கூட்டத்தில் கிட்டத்தட்ட எல்லாப் புழுவும் தோலைக் கழற்றி வரும்வரை பொறுக்க வேண்டும். வெளியே செத்ததுபோல இருக்கும் அந்த ஒரு நாளில்தான் அடுத்த பருவத்துக்கான பெரிய தோல் உள்ளே ஆயத்தமாகிறது. பழைய தோலுக்குள்ளேயே இருந்தால் அதற்குமேல் பெருக்க இடமில்லை.

என் மனைவி இறந்த பிறகு ஒன்றரை ஆண்டு என்னால் ஜெபிக்க முடியவில்லை. வாயைத் திறந்தால் காற்றுதான் வரும். பாட்டு எழும்பாது. வேதாகமத்தைத் திறந்தால் எழுத்து எறும்புபோல ஓடும். வந்தவர்கள் எல்லாம் இலை கொட்டினார்கள். இந்த அதிகாரத்தைப் படியுங்கள், அந்தக் கூட்டத்துக்கு வாருங்கள், நாற்பது நாள் உபவாசம் எடுங்கள். நல்ல மனதோடுதான் சொன்னார்கள். எங்கள் ஐயர் ஒருவர் மட்டும், "ஞாயிறு வந்து கடைசிப் பலகையில் உட்கார். பாட வேண்டாம், எழுந்து நிற்கவும் வேண்டாம். உட்கார்ந்துவிட்டுப் போ" என்றார். உட்கார்ந்தேன். ஒன்றரை ஆண்டும் அது ஒன்றுதான் செய்தேன். ஒரு ஞாயிறு கர்த்தருடைய ஜெபம் சொல்லும்போது என் வாயும் அசைவதைப் பக்கத்தில் இருந்த பையன்தான் பார்த்தான். எனக்குத் தெரியவில்லை.

ஓசூர்த் தம்பி நிற்பது தோல்வியா தோலுரிப்பா என்று எனக்குத் தெரியாது. பதறி இலை கொட்டாதீர்கள் என்று மட்டும் சொல்கிறேன்.

---

வைராக்கியம்

மல்பெரித் தோட்டக்காரரே, உங்கள் துக்கத்துக்கு என் வணக்கம். அதைத் தெரிந்துகொண்டு எழுதவில்லை.

ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். அந்த நறுக்கிய தளிரையே கடைசிவரை தூவிக்கொண்டிருந்தால் புழு கூடு கட்டுமா?

---

மல்பெரித்_தோட்டம்

கட்டாது ஐயா. சரியான இடத்தில் பிடித்தீர்கள். அது வாழ்நாளில் தின்னும் மொத்த இலையில் எண்பது விழுக்காட்டுக்கு மேல் ஐந்தாம் பருவத்தின் ஏழெட்டு நாளில்தான் தின்னும். அப்போது நறுக்கவெல்லாம் நேரமில்லை, கிளையோடு வெட்டிவந்து போட வேண்டும். மனைக்குள் நுழைந்தால் மழை பெய்வதுபோலச் சத்தம் கேட்கும், அத்தனையும் மெல்லும் சத்தம். அந்த வாரத்தில் இலை குறைந்தால் கூடு மெலிந்துபோகும், அங்காடியில் தூக்கிப் பார்த்ததுமே விலையைக் குறைத்துவிடுவார்கள்.

நீங்கள் சொல்வது ஐந்தாம் பருவத்துக்குப் பொருந்தும். வாத்தியார் சொல்வது முதல் பருவத்துக்கு. எந்தத் தட்டில் எந்தப் புழு இருக்கிறது என்று பார்த்துத்தான் இலை வெட்ட வேண்டும்.

---

கோவிலூர்ப்_பேத்தி

நான் கத்தோலிக்கப் பெண். இங்கே பெரும்பாலும் மற்ற சபையார் என்று தெரியும், இருந்தாலும் எழுதுகிறேன். தூங்கிவிட்டேன் என்று அண்ணன் எழுதியது என்னை இழுத்தது.

எங்கள் தருமபுரி மறைமாவட்டம் சேலத்திலிருந்து பிரிந்தது 1997-ல். அதே ஆண்டு அக்டோபரில்தான் பிரான்ஸ் நாட்டு லிசியே நகரத்துச் சிறுமலர் தெரேசாவைத் திருச்சபையின் மறைவல்லுநர், அதாவது திருச்சபைக்கே ஆசான் என்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அறிவித்தார். இந்த இரண்டையும் முடிச்சுப் போடுவது நான்தான், திருச்சபை அல்ல! 15 வயதில் மடத்துக்குப் போய், 24 வயதில் காசநோயால் இறந்தவர். ஊர் ஊராகப் போகவில்லை, பெரிய வேலை எதுவும் செய்யவில்லை. அவர் சொன்னதற்குப் பெயரே 'சிறு வழி'. அவர் தம் சிறு வழியாகக் காட்டுவதைப் பார்த்தால் சிரிப்பு வரும். கோவிலில் பின்னால் இருந்த ஒரு சகோதரி ஓயாமல் ஏதோ சின்னச் சத்தம் எழுப்பிக்கொண்டே இருப்பாராம். திரும்பி முறைக்காமல் உட்கார்ந்திருந்தது ஒரு படி. துணி துவைக்கும்போது எதிரே இருந்தவர் அழுக்குத் தண்ணீரை முகத்தில் தெறிப்பார். முகத்தைத் துடைத்துக் குத்திக்காட்டாமல் இருந்தது இன்னொரு படி. மாமியார் வீட்டில் வாழும் நமக்கு இதெல்லாம் புரியாமல் போகுமா?

அவரும் செப நேரத்தில் தூங்கிவிடுவாராம். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, ஆண்டுக்கணக்காக. அதைத் தாமே எழுதியிருக்கிறார். பிள்ளை விழித்திருந்தாலும் தூங்கினாலும் பெற்றவருக்கு ஒரே அன்புதானே என்று அதற்குச் சமாதானமும் சொல்லிக்கொள்கிறார். இரவுப் பணி முடித்துவந்து லேவியராகமத்தின்மேல் தூங்கிய அண்ணனுக்கு இவர் நல்ல துணை.

என் பாட்டி கதை ஒன்று. எழுதப் படிக்கத் தெரியாது. களிக்கு மாவு அளக்கும்போதெல்லாம் ஒரு பிடி கேழ்வரகு மாவைத் தனி மண்பானையில் போடுவார். அரிசி சமைத்தால் பிடி அரிசி. மாதக் கடைசியில் அது கோவிலுக்கோ, அடுப்பு எரியாத வீட்டுக்கோ போகும். எந்த வீடு என்று எங்களுக்குச் சொல்ல மாட்டார். 'ஒரு பிடி குறைந்தால் யாருக்கும் வயிறு தெரியாது' என்பார். பிடி போடும்போது ஓர் 'அருள்நிறை மரியே'. நாளுக்கு இரண்டு உலை, இரண்டு பிடி, இரண்டு செபம். ஐம்பத்துமூன்று மணிச் செபமாலை சொல்ல அவருக்கு எப்போதும் நேரம் இருந்ததில்லை, அதை அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் அன்பியக் கூட்டத்தில்தான் எல்லோரோடும் சொல்வார். அந்தப் பானை இப்போது என் சமையலறையில் இருக்கிறது. எங்கள் வீட்டில் கேஸ் அடுப்பு, குக்கர். ஆனாலும் பிடி போகிறது.

---

மாந்தோப்பு_அம்மா

காவேரிப்பட்டணம் பக்கம். இரண்டு பிள்ளைகள், மூத்தது மூன்றாம் வகுப்பு. எல்லோரும் பழக்கம் நிலைத்ததைச் சொல்கிறீர்கள். எனக்கு உடைந்ததைச் சொல்ல வேண்டும்.

செல்போனில் ஒரு வேதவாசிப்புச் செயலி. தொடர்ந்து எத்தனை நாள் படித்தோம் என்று எண்ணிக்காட்டும். 143 நாள் ஓடியது. சின்னவனுக்குக் காய்ச்சல் வந்த இரவு, விடிய விடிய நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மறுநாள் மதியம் செல்போனை எடுத்தால் பூஜ்யம். காலையில் காய்ச்சல் இறங்கிய மகிழ்ச்சிகூட அப்போது மறைந்துவிட்டது. 'போ' என்று விட்டவள் ஏழு மாதம் திறக்கவில்லை. இப்போது யோசித்தால், நான் 143 நாள் வளர்த்தது விசுவாசத்தையா எண்ணிக்கையையா என்று சந்தேகமாக இருக்கிறது. வாத்தியார் ஐயாவின் கணக்கில் எனக்குள்ள பயமும் இதுதான். எண்ணத் தொடங்கினால் எனக்கு ஆண்டவர் கணக்குப்பிள்ளையாகத் தெரிகிறார்.

அந்த ஏழு மாதத்தில் எதுவும் நடக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒன்று நடந்தது.

என் நாத்தனாரும் நாங்களும் பேசிக்கொள்வதில்லை. தோப்பில் வரப்போரம் நிற்கும் ஏழு பெங்களூரா மாமரங்கள் யாருக்கு என்பதில் தொடங்கியது. நான்கு ஆண்டு. பலிபீடத்தில் காணிக்கை வைக்கும்போது சகோதரனுக்கு உன்மேல் குறை உண்டென்று நினைவு வந்தால் முதலில் போய் ஒப்புரவாகு என்று மத்தேயு 5-ல் வருமே, காணிக்கைப் பை வரும்போதெல்லாம் அது குத்தும். ஒப்புரவாக என்னால் முடியாது. போய்ப் பேசுவது மலை. ஆகவே ஒன்றே ஒன்று செய்தேன். பிள்ளைகளைத் தூங்க வைக்கும் ஜெபத்தில் அவர் பெயரையும் சேர்த்தேன். 'ஆசீர்வதியும்' என்றுகூடச் சொல்லவில்லை, மனம் வரவில்லை. பெயரை மட்டும் சொல்லி நிறுத்திவிடுவேன்.

இரண்டு மாதம் பெயர் மட்டும். பிறகு ஒரு நாள் சின்னவன் தானாக 'அத்தைக்கு முட்டிவலி சரியாகணும்' என்று சேர்த்துவிட்டான். அவருக்கு முட்டிவலி இருப்பது எனக்குத் தெரியாது, பள்ளிக்கூட வாசலில் பிள்ளையிடம் சொல்லியிருக்கிறார். அடுத்த வாரம் ரேஷன் கடை வரிசையில் எனக்கு இரண்டு ஆள் பின்னால் நின்றார். திரும்பி, "முட்டி எப்படி இருக்கிறது?" என்று கேட்டேன். "இருக்கிறது" என்றார். அதோடு முடிந்தது.

இந்தப் பருவத்தில் மாங்கூழ் ஆலைக்கு லோடு ஏற்றும்போது அந்த ஏழு மரத்துக் காயை இரண்டாகப் பிரித்து ஏற்றினார்கள். யார் சொன்னது என்று யாரும் கேட்கவில்லை. இன்னும் நாங்கள் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போவதில்லை. ஆனால் செயலியை மறுபடி திறந்திருக்கிறேன், எண்ணிக்கை காட்டுவதை நிறுத்திவிட்டு.

---

வாத்தியார்_கிருஷ்ணகிரி

அம்மா, அந்தக் குட்டு எனக்குத் தேவைதான். சங்கீதங்களை இதுவரை ஒன்பது சுற்று முடித்துவிட்டேன் என்று எழுதப்போனேன், நல்லவேளை எழுதவில்லை. இப்போது எழுதிவிட்டேன்.

---

ஓசூர்_இரவுப்பணி

எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாளாகக் கைபேசியை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். மல்பெரி அண்ணாவின் பதிவைக் கேன்டீனில் படித்தேன், அங்கே படித்திருக்கக் கூடாது.

நான் செய்யப்போவது இது. அந்த 388-ஐத் தள்ளுபடி செய்கிறேன். நாடாவை லேவியராகமத்திலிருந்து எடுத்துவிட்டேன், அதற்கே கை நடுங்கியது. மாற்கு எழுதிய சுவிசேஷம், 16 அதிகாரம். ஆனால் அதிகாரமாக அல்ல, ஒரு நாளுக்கு ஒரு சம்பவம். கம்பெனி பஸ்ஸுக்காகப் பேக்கரி எதிரே பத்து நிமிடம் நிற்பேன், எந்த ஷிப்ட் ஆனாலும் அந்தப் பத்து நிமிடம் உண்டு. அதில் கட்டுகிறேன். ஷிப்ட் மாறும் ஞாயிறு கர்த்தருடைய ஜெபம் மட்டும். எண்ணிக்கை எழுதி வைக்க மாட்டேன்.

வைராக்கியம் ஐயா, உங்கள் பதிவும் குத்திக்கொண்டேதான் இருக்கிறது. அதையும் வைத்துக்கொள்கிறேன்.

---

சந்தேகப்பேர்வழி_அரூர்

குறுக்கே வருகிறேன். இதெல்லாம் நம் முயற்சிதானே? கிருபை எங்கே? பல் துலக்கும் பழக்கத்துக்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

---

கோவிலூர்ப்_பேத்தி

பாட்டி பானையில் போட்ட மாவு அவர் விளைவித்ததா? மழை பெய்தது, கேழ்வரகு விளைந்தது. பிடி மட்டும்தான் அவருடையது.

---

சந்தேகப்பேர்வழி_அரூர்

சரி. இதற்குப் பதில் யோசித்துவிட்டு வருகிறேன்.

---

ஓசூர்_இரவுப்பணி (மூன்று வாரம் கழித்து)

மறுபடி வந்து எழுதுகிறேன். முழு வெற்றி இல்லை. முதல் வாரம் ஏறக்குறைய தினமும் படித்தேன். இரண்டாம் வாரம் மாலை ஷிப்ட், பஸ் நிறுத்தத்தில் கிரிக்கெட் பேச்சு சூடாக இருந்தது, நான்கு நாள் போய்விட்டது. ஐந்தாம் நாள் வழக்கமான அந்தப் பயம் வந்தது, 'விட்டது விட்டதுதான், ஜனவரியில் பார்ப்போம்' என்று. கடன் வைக்கவில்லை என்பது நினைவுக்கு வந்ததும் விட்ட இடத்திலேயே திறந்தேன். என் வாழ்க்கையில் ஜனவரிக்குக் காத்திராமல் மறுபடி தொடங்கியது இதுதான் முதல் முறை.

மூன்றாம் வாரம் இரவுப் பணி. மாற்கு 4 வந்தது. விதைக்கிறவன் உவமை ஞாயிறு பள்ளியிலிருந்து தெரியும். அதற்குப் பின்னால் நான்கே வசனத்தில் இன்னொன்று இருக்கிறது, இதுவரை கண்ணில் பட்டதே இல்லை. ஒருவன் விதையைப் போட்டுவிட்டு இரவில் தூங்கிப் பகலில் விழிக்கிறான், விதை எப்படி முளைத்து வளர்கிறதென்று அவனுக்கே தெரியாது. முதலில் முளை, பிறகு கதிர், பிறகுதான் மணி. இரவு ஒன்பதே முக்காலுக்குச் சோடியம் விளக்கு வெளிச்சத்தில் படித்தேன். பகலில் தூங்கி இரவில் விழிப்பவனுக்கும் இது பொருந்துமா என்று யோசித்துக்கொண்டே பஸ் ஏறினேன். பஸ்ஸில் மறுபடி படித்தேன். பத்து நிமிடம் என்று வைத்தது அன்றைக்கு அரை மணி நேரம் ஆகிவிட்டது.

பக்கத்து இருக்கையில் வரும் அறைத்தோழன், "தினமும் என்ன படிக்கிறாய்?" என்றான். அவன் நம் மதத்தவன் இல்லை. பிரசங்கம் எதுவும் செய்யவில்லை. கதையைச் சொன்னேன். "எங்கள் அப்பாவும் நாற்று விட்டுவிட்டு அப்படித்தான் தூங்குவார்" என்றான். அவ்வளவுதான் நடந்தது.

லேவியராகமம் இன்னும் பாக்கி. ஓடிப்போகாது என்று நினைக்கிறேன்.

---

மல்பெரித்_தோட்டம்

படித்தேன் தம்பி. இங்கே நேற்று மூன்றாம் தோலுரிப்பு முடிந்தது. இன்று முதல் இலை.

---

வைராக்கியம்

தம்பி, அரை மணி நேரம் ஆனது என்ற வரியை என் மனைவிக்கும் வாசித்துக் காட்டினேன்.

நான் சொன்னதைத் திரும்பப் பெறவில்லை. ஆனால் எனக்கு ஒரு நினைவு வந்தது. தாயார் என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு நடந்தார் என்று பெருமையாக எழுதினேன் அல்லவா? நடந்தவர் அவர். நான் தூக்கத்தில் போனேன். எனக்கு நடக்கத் தெரிந்த பிறகு முதல் ஆண்டு ஓடைவரைதான் நடக்க விட்டார், அதற்குமேல் மறுபடி இடுப்பு. இதை ஏன் முன்பே எழுதவில்லை என்று தெரியவில்லை.

நீங்கள் நிற்கும் பேக்கரி எது? வருகிற வாரம் எந்த ஷிப்ட்?

---

ஓசூர்_இரவுப்பணி

காலை ஷிப்ட் ஐயா. ஐந்து மணிக்குப் பஸ். இடத்தைத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன். அவ்வளவு அதிகாலையில் உங்களுக்கு எதற்குச் சிரமம்?

---

வைராக்கியம்

நாலு மணிக்கே எழுந்துவிடுகிறவன் நான். டீ வாங்கித் தருகிறேன். எந்தச் சம்பவத்தில் நிற்கிறீர்கள்?

---

ஓசூர்_இரவுப்பணி

ஐந்து அப்பம், இரண்டு மீன்.